தங்கச்சி சொல்லாமல் விட்ட சொல்

ஏழாம் மாதம் என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்த அதே வாரம் தங்கச்சியும் விடுமுறைக்கு வந்துசேர்ந்தாள். எங்கள் ஊரான கொட்டாரத்தில் இருந்த அத்தனை சொந்தமும் அவளைப் பார்க்க வந்தது. வருகிறவர்கள் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "பொம்பளப் பிள்ளதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள்.

அவள் வெளிநாட்டில் அணுக்கருமீது ஒளியை மோதவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பரீட்சை என்றாலே எனக்கு வாந்தி வரும். "போவாண்டாம், விடு" என்று அப்பா விட்டுவிட்டார். அவளுக்கு ஒருநாளும் வாந்தி வந்ததில்லை.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளைத் தமிழில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறைக்குள் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் படுத்திருந்த என் காதில் ஒரு சொல் விழுந்தது. கருச்சிதைவு.

போன வருடம் எனக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை இந்தச் சொல்லால்தான் சொன்னாள். எழுந்து போனேன்.

"ஏட்டி, எனக்க கதையவா பள்ளிக்கூடத்துல சொல்லப் போற?"

"ஒனக்க கதையா? இது இரும்புக்க கதை அக்கா. அணுக்கருச் சிதைவு."

உட்காரவைத்து விளக்கினாள். எங்கோ கோடானுகோடி மைலுக்கு அப்பால் ஒரு இரும்பு அணுக்கரு, நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் புறப்படுகிறது. வெளி முழுக்க மங்கலாய் ஒரு வெளிச்சம் இருக்கிறதாம். நம்மை அது ஒன்றும் செய்யாது. அந்த வேகத்தில் வருகிற கருவுக்கு அதுவே அடியாக விழும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் உடைந்து போகும்.

"அப்ப பொறப்பட்டது ஒண்ணு, வந்து சேருகது வேற ஒண்ணா?"

"அதேதான். என்ன பொறப்பட்டுச்சுன்னு தெரியணும்னா, வெளிச்சம் பட்டா எந்தக் கரு எப்படி ஒடையுமுன்னு நாங்க இங்க ஒடச்சுப் பாக்கணும்."

புரிந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு லேசாகச் சொல்லமுடிகிற ஒன்றுக்காகவா நான் அன்றைக்கு அப்படி வாந்தியெடுத்தேன்?

"எல்லாஞ் சரி. அந்தச் சொல்ல மட்டும் சொல்லாத. எனக்குப் பிள்ள பொறக்கது வர."

"அதுதான அக்கா பாடமே. புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்கு."

"புஸ்தகத்துக்கு வயிறு இருக்கா?"

அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "அவ படிச்சவ, அவளுக்குத் தெரியாதா? நீ போய்ப் படு மக்கா."

போய்ப் படுத்தேன். சாயங்காலம்வரை வயிற்றில் அசைவே தெரியவில்லை. அந்தச் சொல் உள்ளே கேட்டிருக்குமோ என்று பயந்து, தண்ணீர் குடித்துக் குடித்து அசைத்துப் பார்த்தேன்.

பேச்சு நாளன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி என் நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். அது என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது. பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள், நடுநடுவே சிரித்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இடம் வருவதற்காகக் காத்திருந்தேன்.

"வெளிச்சம் வந்து மோதினதும் இரும்புக் கருவுல..." நிறுத்தினாள். கண்கள் என்னைத் தேடின. பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு டீச்சர், "தமிழ்ல சொல்லுங்க, பிள்ளையளுக்குப் புரியாண்டாமா?" என்றார்.

"அதுக்குத் தமிழ்ல என்னன்னு எனக்குத் தெரியல டீச்சர்."

எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளை இடித்து, "பிளேன் ஏறுனா தமிழ் மறந்துருமாட்டி?" என்றாள். இரண்டும் குலுங்கிச் சிரித்தன. அந்தப் பள்ளிக்கூடத்தில் 'தெரியாது' என்ற வார்த்தை என்னுடையது. அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா, "இவ்வளவு படிச்சும் ஒரு சொல்லு தெரியலியே மக்ளே" என்று சடைத்துக்கொண்டாள். தங்கச்சி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்காகத்தான் அந்தச் சொல்லை விட்டாள் என்று நானும் அம்மாவிடம் சொல்லவில்லை. நியாயமாக என் மனம் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ, இதிலும் இவளே நல்லவளாகிவிட்டாளே என்றுதான் பொறுக்கவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண்தான். அடுத்த நாளே தங்கச்சி வெளிநாட்டிலிருந்து போன் செய்தாள். எடை கேட்டாள், நிறம் கேட்டாள், யார் சாயல் என்று கேட்டாள். கடைசியாக, "இனி அந்தச் சொல்லச் சொல்லலாமா அக்கா?" என்றாள்.

என்னிடம் அவள் அனுமதி கேட்டது அந்த ஒன்றுக்குத்தான். அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட மனம் வரவில்லை.

"பிள்ளைக்கு நாப்பது நாளு கழியட்டும்" என்றேன்.