வலியுல்லாவின் நெற்றி

அந்த அரையிறுதியைப் பார்த்தவர்கள் மந்தைவெளியில் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்க்காதவர்கள் அதைவிட அதிகம். கேட்டால் அவர்களும் பார்த்ததாகத்தான் சொல்வார்கள்.

மந்தைவெளி யுனைடெட் சின்ன கால்பந்து கிளப். லீக்கில் இரண்டாம் டிவிஷனை விட்டு மேலே வந்தாலும் மறுவருஷமே இறங்கிவிடும். அந்த வருஷம் நாக்-அவுட் போட்டியில் எப்படியோ அரையிறுதி வரை வந்திருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம், இரண்டு பக்கமும் சமம். உயரமாக வந்த பந்துக்கு வலியுல்லாவும் எதிரணி ஆளும் சேர்ந்து எகிறினார்கள். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் கேலரி வரை கேட்டது. எதிரணி ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். வலியுல்லா எழுந்து உட்கார்ந்தார். புருவத்துக்கு மேலே சதை பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

கோட்டுக்கு வெளியே ஆதரவாளர் கூட்டத்துக்குத் தலைவனாக நின்றவன் வெள்ளைத்துரை. ஆட்டோ ஓட்டுபவன், எல்லா மேட்சுக்கும் மேளத்தோடு வந்துவிடுவான். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து வலியுல்லாவின் தலையில் இறுக்கிக் கட்டினான்.

"இன்னா நைனா, ஆடுவியா?"

"ஆடுறேன்."

ஆடினார். கடைசியாகக் கிடைத்த கார்னரில், ரத்தம் ஊறிச் சிவந்த அந்தத் துணியோடு எகிறிப் பந்தை வலைக்குள் முட்டினார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டது. யாரோ எடுத்த படம் டீக்கடைச் சுவர், சலூன், ஆட்டோ முதுகு என்று எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது.

அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது கதவைத் திறந்தவள் அவர் மனைவி நஸ்ருன்னிசா. அவர் நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார்.

"என்னங்க தேடுறீங்க?"

"பூட்ஸ் எங்க வச்ச? மேட்சுக்கு நேரமாச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். பிறகு அவர் வாந்தி எடுத்தார். காலையில் எழுந்தபோது சரியாக இருந்தார். ஆனால் அந்தக் கோல் மட்டும் அவருக்குக் கடைசி வரை ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வலியுல்லா மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர். கார்களுக்குக் கண்ணாடி மாற்றும் கடையில் வேலை. நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டார். ஸ்டாப்பர் பேக்காக ஆடினார். அதாவது கோல் பக்கம் வருகிற எதையும் வழிமறித்து அனுப்புகிற வேலை. காலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. தலைதான் அவருடைய ஆயுதம். தண்ணீரில் ஊறிக் கல்லாகக் கனக்கிற பழைய பந்தை நாள் முழுக்க யாராவது தூக்கிப் போட, முட்டி முட்டிப் பழகினார். கூட்டம் அவரை 'வலி' என்று சுருக்கிக் கூப்பிட்டது. அவர் பந்தை முட்டி அனுப்பும்போதெல்லாம் வெள்ளைத்துரை மேளத்தை அடித்து, "எங்க வலி, உனக்கு வலி!" என்று கத்துவான். கேலரியே திருப்பிக் கத்தும்.

அவரைவிடத் திறமைசாலிகள் அந்த கிளப்பில் ஆடியிருக்கிறார்கள். ஒருவன் கோவா வரை போய்ப் பெரிய அணியில் ஆடினான், டி.வி.யில் வந்தான். அவன் பெயரைச் சொன்னால் மந்தைவெளியில் உதட்டைப் பிதுக்குவார்கள். போனவன் போனவன்தான். வலியுல்லா போகவில்லை. அதுதான் விஷயம்.

அரையிறுதிக்கு அடுத்த வருஷம் கேரளாவிலிருந்து ஒரு பெரிய அலுவலகத்தின் அணி அவரைக் கூப்பிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, தங்க குவார்ட்டர்ஸ். கிளப்பே கூடிச் சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டது. சிலர் அழுதார்கள். அந்த வாரமே திரும்பி வந்துவிட்டார். கிளப்பின் செயலாளர் தங்கவேல் டீக்கடையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், எனக்கு மந்தைவெளி போதும்னு சொல்லிட்டு வந்துட்டான்யா."

அந்த ஒரு வாக்கியம் வலியுல்லாவை வேறு ஆளாக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தப்பு செய்தால்கூட யாரும் திட்டமாட்டார்கள். கடையில் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள். பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்து மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் தலை குனிந்து சிரிப்பார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் ஆட்டத்தை நிறுத்தும்போது மகள் ஆஃப்ரீன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு வந்துவிட்டாள். நிறுத்தியதற்கு வயது காரணமில்லை. பந்து இரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எதை முட்டுவது என்று தெரியாமல் ஒரு மேட்சில் காற்றை முட்டி விழுந்தார். அன்றைக்குத்தான் நஸ்ருன்னிசாவிடம் உண்மையைச் சொன்னார்.

"கேரளாவுல நான் வேணாம்னு சொல்லல. மெடிக்கல்ல டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. மண்டைல அடி ஜாஸ்தி, இனிமே தலையால பந்தைத் தொடவே கூடாதுன்னாரு."

"அப்புறமும் இத்தனை வருஷமா ஆடினீங்களா?"

"தங்கவேல் அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுன்னாரு. அதுக்குள்ள இந்தப் பேச்சு ஊர் பூரா பரவிடுச்சு. அப்புறம் எந்த முகத்த வச்சிக்கினு ஆடமாட்டேன்னு சொல்றது?"

அவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு அதற்கெல்லாம் அவகாசம் இல்லாமல் போனது. முதலில் சாவியை மறந்தார். அடுத்து ஒரு காருக்கு வேறு காரின் கண்ணாடியை வைத்து அழுத்தி உடைத்தார். முதலாளி நல்லவர், பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாடிக்கையாளரை வலியுல்லா சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, கைகூப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டிலும் கை ஓங்க ஆரம்பித்தார். ஓங்கிய மறுநிமிஷம் தன் கையையே பார்த்து அழுவார். ஒருநாள் மத்தியானம் தொழுகைக்கென்று போனவர் அபிராமபுரத்தில் ஏதோ ஒரு வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வீட்டுக்காரர் போன் செய்ய, ஆஃப்ரீன் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். வழியெல்லாம் அவர் அவளை "அக்கா" என்று கூப்பிட்டார்.

திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை சுருங்கிவிட்டது, இனி சரியாகாது, இன்னும் மோசமாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

இந்த நிலையில்தான் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு அழைக்க பரத்வாஜ் வந்தான். மயிலாப்பூர்ப் பையன், ஐ.டி. வேலை. கல்லூரி நாளிலிருந்து ஆதரவாளன். கிளப்பின் முகநூல் பக்கத்தை அவன்தான் நடத்துகிறான்.

"வலி அண்ணா போட்ட அஞ்சாம் நம்பர் ஜெர்சியை இனிமே யாருக்கும் தர்றதில்லைன்னு முடிவு பண்ணிருக்கோம் அக்கா. அவர் வந்து நின்னா போதும்."

அவளுக்கு மனசில்லை. ஆனால் ஜெர்சி என்ற சொல்லைக் கேட்டதும் வலியுல்லாவின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துச் சரி என்றாள்.

மைதானம் நிறைந்திருந்தது. கேலரிச் சுவரில் ரத்தத் துணி கட்டிய தலையை ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள். பரத்வாஜ் மைக்கில் கேரளா கதையைச் சொன்னான். பிறகு மைக்கை வலியுல்லாவிடம் நீட்டினான்.

மேடையோரம் உட்கார்ந்திருந்த நஸ்ருன்னிசா பயந்தாள். வீட்டில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறுகிறவர் இங்கே என்ன பேசுவார்? அவர் பேசினார். திணறவே இல்லை.

"வேலை ரெடியா இருந்துச்சு. கையெழுத்துப் போடுன்னாங்க. எனக்கு மந்தைவெளி போதும் சார்னேன். பையைத் தூக்கிக்கினு வந்துட்டேன்."

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவரின் முகம் இல்லை அது. திருப்பி அனுப்பிய டாக்டரையே அவர் மறந்துவிட்டார். காலியான இடத்தில் இவர்கள் சொன்னது போய் உட்கார்ந்துவிட்டது.

அப்போது யாரோ, "வலி அண்ணே, ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தி ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார்கள். அவள் எழுவதற்குள் அவர் எகிறிவிட்டார். பந்து நெற்றி நடுவில் பட்டு நேராகப் பறந்தது, பழையபடியே. மேளம் அதிர்ந்தது. தரையில் இறங்கியவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு பேன்ட்டின் முன்பக்கம் நனைந்து இருண்டது. கூட்டத்தைப் பார்த்து, "யாரு இவங்கெல்லாம்?" என்று மைக்கிலேயே கேட்டார்.

மேளம் நின்றது.

நஸ்ருன்னிசா தன் துப்பட்டாவை உருவி அவர் இடுப்பில் சுற்றினாள். மேடையில் உட்கார்ந்திருந்த தங்கவேலிடம் திரும்பினாள்.

"அண்ணே, கேரளாவுல என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

தங்கவேல், "வீட்டுக்குக் கூட்டிப் போம்மா, அப்புறம் பேசலாம்," என்றார்.

"டாக்டர் ஆடவே கூடாதுன்னு அனுப்பினாரு. உங்ககிட்டதானே வந்து சொன்னாரு? வேணாம்னு வந்துட்டான்னு நீங்கதானே ஊருக்குச் சொன்னீங்க?"

தங்கவேல் எதிரிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. வலியுல்லா வேடிக்கைக்குக் கேட்டதாக நினைத்து அவர்கள் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. பரத்வாஜ் மட்டும் முகநூல் பக்கத்திலிருந்து அந்தக் கதையை எடுத்தான். நான்கு பேர் நான்கு விதமாக அதைத் திரும்பப் போட்டார்கள். கணவனுக்கு வைத்தியம் பார்க்க முடியாத ஆத்திரத்தில் அந்தம்மா ஏதோ பேசிவிட்டது என்றார்கள். தங்கவேல் அடுத்த வருஷமும் செயலாளராகத் தேர்வானார்.

வலியுல்லா பிறகு அதிக காலம் இல்லை. விழுங்குவதுகூட மறந்துபோனது. சோறு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வந்து, ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை காலையில் இறந்தார். தெரு முழுக்கக் கூட்டம். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியின் மேல் கிளப் கொடியைப் போர்த்தலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் வெள்ளைத்துரை வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியிலேயே நின்றான். ஆள் இளைத்திருந்தான்.

"தங்கச்சி, தூக்கமே வரல. சத்தியமா எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆட வுட்டிருப்பமா?"

உள்ளே ஆஃப்ரீன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"விட்டிருப்பீங்கண்ணே," என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அவள் விடவில்லை.

"ரத்தம் ஒழுகினது எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது. அதுக்கு டாக்டரா வந்து சொல்லணும்? நீங்க துணி கட்டினீங்க. அன்னிக்கு அவரு பூட்ஸைத் தேடினப்ப நான் சிரிச்சேன். அடுத்த மேட்சுக்கு நானேதான் ஜெர்சி துவைச்சுக் குடுத்தேன். கேலரியில நின்னு உங்களோட சேர்ந்து நானும் கத்தியிருக்கேன். அவரு அவ்வளவு நல்லா இருப்பாரு, அப்படி எகிறும்போது."

சின்னப் பிள்ளைபோல வெள்ளைத்துரையின் உதடு கோணியது. அவள் அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வாசல் லைட்டைப் போட்டுவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனாள்.