தொட்டபெட்டா ஏறிய பி.டி. மிஸ்

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது ஜெயராணியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் கணவர் சாமுவேல் அண்ணா. "பர்லியாறு தாண்டிட்டமுங்க பத்மா. மேல வந்துட்டிருக்கறமுங்க" என்றார். அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அட, நீங்களும் ஆட ஆரம்பிச்சுட்டீங்களாண்ணா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் வண்டி இரைந்துகொண்டிருந்தது. "இல்லீங்க. ஜெயாவக் கூட்டிட்டு வர்றமுங்க. விடியக்காலைல போயிட்டா" என்றார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மனைவியை ஆம்புலன்ஸில் மலைமேல் கொண்டுவந்துகொண்டிருந்தார் அந்த மனிதர். சாவுச் செய்தி சொன்னவரிடம் சிரித்தவள் என்று என்னைத் திட்டுவதற்கு முன், பர்லியாறு என்ற சொல் எங்களுக்குள் என்னவாக இருந்தது என்பதைக் கேட்டுவிடுங்கள்.

உங்களில் பெரும்பாலோருக்கு ஜெயராணியைக் குன்னூரில் எங்கள் பள்ளியின் பி.டி. மிஸ்ஸாகத் தெரியும். மைதானத்தில் பனி இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, விசில் மட்டும் கேட்கும். அந்த ஜெயராணி, சிறுநீரகம் பழுதான பிறகு லேப்டாப்பில் போர் விளையாட்டு ஆடினார் என்பது வெகு சிலருக்கே தெரியும். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் அது. டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், மற்றொரு கை சும்மா இருக்கும். அந்த ஒரு கைக்குத் தோதான ஆட்டம் அவருக்குக் கிடைத்தது. திரையில் ஒரு நாட்டின் வரைபடம். ஊர்கள் அமைக்க வேண்டும், வயல் போட வேண்டும், படை சேர்த்து நகர்த்த வேண்டும். நம் வேலையெல்லாம் முடித்து, நம் முறை முடிந்தது என்று பொத்தானை அழுத்திய பிறகுதான் எதிரியான கம்ப்யூட்டர் தன் படையை அசைக்கும். அதுவரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். "நர்ஸ் வந்து பிரஷர் பாத்துட்டுப் போற வரைக்கும் அவன் வாளத் தூக்கிட்டே நிக்கறானுங்க, பாவம்" என்பார்.

இந்த ஆட்டத்தில் ஏழு நிலைகள். கீழ் நிலையில் எதிரி சாது. மேலே போகப் போக அவனுக்கு ஊரும் படையும் ஆரம்பத்திலேயே கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிலைகளுக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. ஜெயா அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு நம் மலைப் பாதையின் பெயர்களை வைத்தார். முதல் நிலை மேட்டுப்பாளையம். பிறகு கல்லாறு, பர்லியாறு, குன்னூர், கேத்தி, ஊட்டி. உச்சி, தொட்டபெட்டா. அவரைப் பார்க்கப் போன இடத்தில் நானும் இந்தப் பைத்தியத்தில் விழுந்தேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆட்டத்தை ஏற்றிக்கொண்டு, தினமும் போனில் அவரிடம் நிலவரம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம், "பர்லியாறத் தாண்டவே முடியலீங்க ஜெயா, எல்லாப் பக்கமும் அடைச்சுட்டானுங்க" என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கார் சாவியோடு வந்து நின்றார். "ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சா? யாரு மாட்டிக்கிட்டது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் போனிலேயே ஜெயாவிடம் வர்ணித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து டயாலிசிஸ் நாற்காலிக்காரர் விழித்துவிட்டாராம். மறுநாள் முதல் என் வீட்டுக்காரரின் நலம் விசாரிக்கும்போதெல்லாம், "மண்ணு அள்ளப் போனவரு சௌக்கியமுங்களா?" என்றே கேட்டார்.

நான் தோற்கப்போகிறேன் என்று தெரிந்தால், முன்பே சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவேன். ஆட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, எனக்கு என்ன வந்தது? ஜெயா ஒருமுறையும் அப்படிச் செய்யமாட்டார். "ஓட்டப்பந்தயத்துல கால் தடுக்கி விழுந்த புள்ளைய மறுபடி கோட்டுல நிறுத்துவனா நானு? எந்திரிச்சு ஓடுன்னுதானுங்க சொல்லுவேன்" என்பார். அதனால்தான் அவர் ஏறிக்கொண்டே போனார், நான் பர்லியாற்றிலேயே அந்த ரோட்டோரக் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன்.

கேத்தியில்தான் அவர் வெகுநாள் திணறினார். குன்னூர் வரை தோட்டமும் கோபுரமும் கட்டி அழகு பார்த்தவர். கேத்தியில் அதற்கெல்லாம் நேரமில்லை, கட்டி முடிப்பதற்குள் எதிரி வாசலுக்கு வந்துவிடுவான். தன் ஊர்களுக்கு எங்கள் ஸ்டாஃப் ரூம் ஆட்களின் பெயர்களை வைத்திருந்தார். எல்லையில் இருந்த ஊர் 'பத்மா'. எல்லா ஊரையும் காப்பாற்றப் பார்த்து எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அந்த எல்லை ஊரை எதிரிக்கு விட்டுவிட்டுப் படையோடு பின்வாங்கினார். அவன் அங்கே புகுந்து ஓய்ந்திருந்தபோது வேறு வழியாகப் போய் அவன் தலைநகரைப் பிடித்தார். "உங்களக் குடுத்துத்தானுங்க ஊட்டிக்கு ஏறினேன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. தலைமையாசிரியை பெயரில் ஒரு ஊர் இருந்ததே, அதைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அதில் நல்ல விளைச்சலாம். ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வாங்கி அனுப்பித்தான் என்னைச் சமாதானம் செய்தார்.

ஊட்டியையும் ஜெயித்துத் தொட்டபெட்டாவுக்குப் போனார். அங்கே நாம் ஒரு ஊரோடு தொடங்கும்போது எதிரி மூன்று ஊரோடு தொடங்குகிறான். பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் நான், இது அநியாயம் என்றேன். "தெரிஞ்சுதானுங்களே ஏறறோம்" என்றார். அங்கே அவர் தோற்றார். மறுபடி தோற்றார். அதே சமயத்தில் உடம்பும் தோற்றுக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, மூச்சு வாங்கியது. பள்ளிக்கு வருவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், "ஜெயிச்சுட்டேன், வாங்க" என்று போன் வந்தது. குரலில் களை இல்லை என்பதை நான்தான் கவனிக்கவில்லை. ஓடினேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் சிரிக்கக்கூட இல்லை. "எதிரி எல்லை வரைக்கும் வர்றானுங்க, கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போறானுங்க" என்றார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். முடிவுத் திரையில் நிலையின் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் கணக்கில் அது தொட்டபெட்டா இல்லை. என் பர்லியாறு.

டயாலிசிஸில் ஒற்றைக் கையோடு இருப்பவருக்கு லேப்டாப்பைத் திறந்து புது ஆட்டம் போட்டுக் கொடுப்பது சாமுவேல் அண்ணாவின் வேலை. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டியலில் மேலே இருப்பவை சுலபம் என்று மட்டும் தெரியும். பிளாஸ்கோடு கதவோரம் நின்றவர், "ஒருக்கா ஜெயிச்சா முகம் தெளியுமேன்னு பாத்தேன் ஜெயா" என்றார்.

ஜெயா சத்தம் போடவில்லை. மைதானமே நடுங்கும் அந்தத் தொண்டை அன்று மெல்லப் பேசியது. "ஏனுங்க, ஸ்கூல்ல விசில வாங்கிட்டாங்க. சர்ச்சுல பாட்டுலருந்து எடுத்துட்டாங்க. நீங்க அடுப்பங்கரைக்குள்ள விடறதில்ல. எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கீழ எறக்கிட்டீங்க. இந்த ஒண்ணுதானுங்க என்னை நோயாளின்னு பாக்காம முழு ஆளா எதிர்த்து நின்னுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களுந்தான். இப்பெல்லாம் நான் எதச் சொன்னாலும் ஆமாங்கறீங்க. எனக்குப் புடிக்கல." சாமுவேல் அண்ணா பிளாஸ்கை வைத்துவிட்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பட்டியலின் அடிக்குப் போய்த் தொட்டபெட்டாவைத் தேடி அழுத்தினார். இரண்டு முறை பக்கத்து வரியை அழுத்திவிட்டுத் திருத்தினார்.

அதன்பிறகு நான் ஆமாம் போடவில்லை. பிளஸ் டூ பெண்களின் விளையாட்டுப் பீரியடைப் பரீட்சை நெருங்கும்போது பாட ஆசிரியர்கள் நாங்கள் பிடுங்கிக்கொள்வது ஊரறிந்த விஷயம். ஜெயா படுக்கையிலிருந்தே அதற்குச் சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. "போர்ஷன் முடியாட்டி நீங்களா வந்து பரீட்சை எழுதுவீங்க?" என்றேன். "முதுகு கூனிப்போன புள்ளைங்களுக்கு மார்க்க எங்கீங்க மாட்டுவீங்க?" என்றார். நான் வாசலில் செருப்பு மாட்டும்வரை சண்டை நடந்தது. ஜெயாவைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மாள், சீக்காளியிடம் போய் இப்படிப் பேசலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். உள்ளே ஜெயாவின் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். எவ்வளவு அழகாக இருந்தார். கோயமுத்தூருக்குக் கிளம்பும் முந்தின நாள்கூட அந்தச் சண்டை தீரவில்லை. பீரியடை நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்பதை நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. வந்திருந்த பெரியவர் ஒருவர் நல்ல மனசோடுதான் கேட்டார். "அந்த கம்ப்யூட்டர் ஆட்டத்துல உச்சியில நிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. கடைசியில ஜெயிச்சுட்டாங்கதானே?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சாமுவேல் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனம் ஆறட்டுமே என்று ஆமாம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் என்னை முந்திக்கொண்டார். "இல்லீங்க. அங்க அவ ஒருக்காகூட ஜெயிக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "கடைசியா ஆடினதுலயும் தோத்துத்தான் போனா. நாந்தானுங்க பக்கத்துல இருந்தேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஜெயாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அண்ணா வாயில் வந்த அந்த 'இல்லீங்க'வைத்தான். அவரைப் பற்றி யார் கேட்டாலும், ஆறுதலுக்காகக்கூட, அவரை ஒரு படி கீழே இறக்கி ஜெயிக்க வைக்கமாட்டேன்.