கடைக்கார அக்காவின் பெருவிரல்

ஹெந்தளைக்குப் போகிற வழியில், கொச்சிக்கடையில் தூண்டில் சாமான் விற்கிற கடையொன்றில் நிற்கிறோம். இறகு கட்டிய தூண்டிலால் டார்ப்பன் மீன் பிடிக்கவேணும் என்று மச்சானுக்கு ஒரே விசர். நேற்று இரண்டு மீன் கடித்துத் துள்ளி, தூண்டில் முள்ளைத் துப்பிவிட்டுப் போயின. அந்த மீனின் வாய் முழுக்க எலும்பு. முனை கூராக இல்லாவிட்டால் ஏறாது. இரவு யாழ்ப்பாணத்துக்கு பஸ். இன்றைக்கு விட்டால் வேறு நாளில்லை.

மச்சான் தடித்த முள்ளுகளை ஒதுக்கிவிட்டு, மெல்லியதொன்றை அரத்தால் தீட்டுகிறான். தீட்டித் தீட்டி நகத்தில் வைத்து இழுக்கிறான். வழுக்கினால் மொட்டை, குத்தி நின்றால் கூர். அவனுடைய நகமெல்லாம் கீறி முடிந்து, என்னுடையதும் முடிந்துவிட்டது. இப்போது கடைக்கார அக்காவின் விரலைப் பார்க்கிறான்.

"தம்பி, பகிடியோ? பின்னேரம் கலியாண வீடு. காலமைதான் பொலிஷ் போட்டனான்."

"ஒருக்கா மட்டும், அக்கா. மெல்லமா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை நீட்டுகிறார். முள் அப்படியே குத்தி நிற்கிறது. மச்சானின் முகமெல்லாம் பல். ஆனால் சிவப்புப் பொலிஷில் வெள்ளையாக ஒரு கோடு. நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்கிறேன்.

அக்கா விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வடிவாத்தான் கிடக்கு. மற்ற விரலுகளுக்கும் இதேமாதிரிக் கோடு இழுத்துவிடும், தம்பி."

மறுக்க வழியில்லாமல் மச்சான் இழுக்கிறான். கடைசி விரலில் முள் வழுக்குகிறது. அவன் திரும்ப அரத்தை எடுக்கிறான்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களைக் காட்டுகிறார்.