பல்லி பல்லி

எங்கள் அப்பாவுக்குக் கொரிய மொழி தெரியும் என்பது ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அடுத்த வீட்டுக்காரருக்கு இந்தி வரும், எதிர்வீட்டுக்காரருக்கு அரபி கொஞ்சம் வரும். கொரியா எங்கே இருக்கிறது என்றே தெருவில் யாருக்கும் தெரியாததால் நாங்கள் ஒரு படி மேலே இருந்தோம். எனக்கும் தெரியாது. அப்பா வேலை பார்த்ததோ வளைகுடாவில்.

அவர் வெல்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு ஷெட்டில் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர். ஆர்டர் குறையக் குறைய வேலை வாரத்துக்கு மூன்று நாளாகி, பிறகு கூப்பிட்டால் போகிற வேலையாகி, கடைசியில் கூப்பிடுவதும் நின்றுபோனது. ஏஜெண்டிடம் போய், டிரேடு டெஸ்ட்டில் ஒரு குழாயைப் பற்றவைத்துக் காட்டி, பாஸாகி, விமானம் ஏறினார். பாலைவனத்தில் எண்ணெய் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஒரு கொரியக் கம்பெனியில் இரண்டு வருஷம்.

அது முடிந்து லீவில் வந்தபோது எனக்குப் பத்து வயது. மறுபடி போவதா வேண்டாமா என்பதுதான் அந்த லீவு முழுவதும் வீட்டில் பேச்சு. அப்பா போகிறேன் என்றார். அம்மா போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் விதவிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சலிக்காமல் சொல்வார். ஏசி போட்ட ரூம். வெள்ளிக்கிழமையானால் கொரியாக்காரர்களோடு ஒரே மேஜையில் சாப்பாடு. மாவைக் கையாலேயே அடித்து இழுத்துச் செய்த நூடுல்ஸ், அதன்மேல் கறுப்பாக ஒரு குழம்பு. அம்மா பிளவுஸ் தைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவு நல்ல இடத்தில் ஆள் ஏன் இப்படி இளைத்துப்போனீர்கள் என்பாள். வெயில் என்பார் அப்பா.

நான் அப்பா கட்சி. அவர் மறுபடி போனால் எனக்கு சைக்கிள் வருவதாக இருந்தது.

பதில் சொல்லச் சொல்லி ஏஜெண்ட் நெருக்க ஆரம்பித்த வாரத்தில், பழைய ஷெட் நண்பர் ஒருவர் ஒரு கடையைப் பற்றிச் சொன்னார். ஏதோ ஆலை வேலையாகத் திருச்சிக்கு வந்து தங்கியிருந்த கொரிய இன்ஜினியர்களை நம்பி, ஒரு கொரியப் புருஷனும் பெண்சாதியும் கன்டோன்மென்ட் பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார்கள். சீனச் சாப்பாடுதான், ஆனால் கொரியாக்காரர்கள் தங்கள் வாய்க்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டது. ஆட்டோக்காரர்களுக்கு அது மாவு அடிக்கிற கடை.

அப்பாவுக்கு இது வசதியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே போகிறோம் என்றார்.

“நான் அங்க என்ன சாப்பிடறேன், எப்படி இருக்கேன்னு நீயே வந்து பாரு. பார்த்துட்டு ஒரு முடிவு சொல்லு. அதுக்கப்புறம் நீ கேள்வி கேக்கக் கூடாது, நானும் பதில் சொல்ல மாட்டேன்.”

“பார்த்துட்டு சொல்றேன்” என்றாள் அம்மா.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அப்பா இரண்டிலும் தூங்கினார். எங்கே உட்கார்ந்தாலும் தலை சாய்ந்துவிடும் அவருக்கு. பாலத்தில் பஸ் குலுங்கியபோது அவருடைய தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் அம்மா நடுவில் கையைக் கொடுத்திருந்தாள். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பியதும், தூங்கவே இல்லை என்றார்.

கடை ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில். படி ஏறும்போதே சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி, ஆனால் சீராக. உள்ளே நாலு மேஜை. ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்த மனிதர் மாவோடு நின்றிருந்தார். கைத்தடி கனத்துக்கு மாவை உருட்டி, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, பலகையில் அறைவார். நீண்டதும் மடிப்பார். மறுபடி அறைவார். ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டாகி, கண்ணுக்கு எதிரே அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு தறி நூல் போலத் தொங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி இந்த மனுஷனுக்குக் கை எப்படி வலிக்கும் என்றாள்.

உட்கார்ந்ததும் அப்பா தன் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, உரக்கச் சொன்னார்: “பல்லி, பல்லி.”

பக்கத்து மேஜையில் இருந்த காலேஜ் பையன்கள் இருவரும் சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். ஒருவன் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தான். அம்மா என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எங்கங்க? எதுல விழுந்துச்சு?”

அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அந்த லீவில் அன்றுதான் பார்த்தேன். பல்லி இல்லை, அவர்கள் பாஷையில் சீக்கிரம் என்று அர்த்தம் என்று எங்களுக்கும் பக்கத்து மேஜைக்கும் சேர்த்து விளக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு மாவை வேகமாக அறைய ஆரம்பித்தார்.

அம்மா சிரித்து முடித்ததும் கேட்டாள்.

“இதை அங்க யாரு சொல்லுவாங்க?”

“எல்லாரும்தான். நாள் பூரா அதான் காதுல விழும்.”

“நீங்க அவங்களைப் பார்த்துச் சொல்லுவீங்களா?”

அப்பா டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

கிண்ணங்கள் வந்தன. அடியில் வெள்ளையாக நூடுல்ஸ், மேலே தார் ஊற்றிய மாதிரி கறுப்பாகக் குழம்பு, தொட்டுக்கொள்ள மஞ்சளாக ஒரு முள்ளங்கி ஊறுகாய். அப்பா குச்சியை எடுத்தார். ஓரத்தில் குழம்பு படாத இடமாகப் பார்த்து, வெறும் நூடுல்ஸை இரண்டு இழை எடுத்து வாயில் வைத்து, ஆகா என்றார். அப்படித்தான் சாப்பிட வேண்டும்போல என்று நானும் ஓரத்திலிருந்து எடுத்தேன். மாவு ருசிதான் இருந்தது. ஆகா என்றேன்.

கடைக்காரரின் மனைவி எதிர்மேஜையிலிருந்து ஓடி வந்தார். ஐயோ ஐயோ என்று தமிழிலேயே சொல்லி, அப்பாவின் கையிலிருந்த குச்சியை வாங்கி, அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி எல்லா இழையும் கறுப்பாகும்வரை பிசைந்து கொடுத்தார். எனக்கும் அம்மாவுக்கும் அதேபோல். பிறகு இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் கிண்ணத்தில் விட்டு நறுக்கினார். தன் தையல் கத்தரிக்கோலால் ஒரு காகிதத்தைக்கூட வெட்ட விடாத அம்மா, அதற்காவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கத்தரிக்கோலைக் கவனிக்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க வேற மாதிரி குடுப்பாங்க” என்றார் அப்பா.

அந்தம்மாவுக்குத் தன் மொழி தெரிந்த ஒரு திருச்சிக்காரர் கிடைத்ததில் ஒரே சந்தோஷம். கொரிய மொழியில் நீளமாக ஏதோ கேட்டார். அப்பா “நே, நே” என்றார். ஆமாம் என்று அர்த்தம். இன்னொன்று கேட்டார். அதற்கும் நே. மூன்றாவது கேள்விக்கும் அவர் நே என்றபோது அந்தம்மா சிரித்துவிட்டு, காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழுக்கு மாறினார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டாராம் அவர் முதலிலிருந்தே.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“ஸேக்கி” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “அங்க என்னைப் பேர் சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டாங்க. செல்லமா ஸேக்கின்னுதான் கூப்பிடுவாங்க. தம்பின்னு அர்த்தம்.”

மாவு அறைகிற சத்தம் நின்றது.

இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, திருப்பூரிலும் ஓசூரிலும் இருந்து பார்த்துவிட்டு, சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்கிற ஒரு இடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு மாதத்துக்கு மேல் எந்த ஊரும் எனக்கு ஒட்டுவதில்லை. அந்த இடம் ஒன்பது மாதம் தாங்கியது. அங்கே ஒரு கொரிய மேலாளர், சிக்கி நின்றுபோன இயந்திரத்தைக் காலால் உதைத்து அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று சந்தோஷமாக இருந்தது. மொழிபெயர்க்க வைத்திருந்த பெண்ணிடம், மெஷினை எதற்கு அவர் தம்பி என்கிறார் என்று கேட்டேன். அவள் முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு, அது திட்டு அக்கா, நாய்க்குட்டி பன்னிக்குட்டின்னு மனுஷனைச் சொல்ற மாதிரி, இங்கே யார்கிட்டயும் சொல்லிவைக்காதீங்க என்றாள். அப்பாவுக்கு அது தெரியாமல்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

அந்தக் கடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தம்மாவின் முகம் சிவந்துபோனது என்பதுதான். அவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். கை நிறைய மாவோடு நின்றிருந்த அவருடைய கணவர் தரையைப் பார்த்தார். அந்தம்மா அப்பாவிடம் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“இல்ல. அது இல்ல. நீங்க அண்ணா.”

சொல்லிவிட்டு உள்ளே போய், நாங்கள் கேட்காத ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கொழுக்கட்டை போல மடித்துப் பொரித்தது. வைத்தபின் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

“பார்த்தியா?” என்றார் அப்பா. “அண்ணாங்கறாங்க. இந்த மரியாதையை நம்ம ஊர்ல எவன் குடுக்கிறான்?”

அம்மா அவருடைய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, குழம்பை இன்னும் நன்றாகப் பிசைந்து, அவர் எதிரே தள்ளினாள். சாப்பிடுங்க என்றாள். தன்னுடையதையும் கடைசி இழை வரை சாப்பிட்டாள். பொரித்ததில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களிடம் தள்ளிவிட்டாள். கீழே இறங்கும்போது திரும்பிப் போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்பா ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் சைக்கிளுக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த அம்மா, “நீங்க போக வேண்டாம்” என்றாள்.

அப்பாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஏன் என்றார்.

“அந்தச் சாப்பாடு உங்க உடம்புக்கு ஒத்துக்காது. எனக்கே வயித்தைப் புரட்டுது. ஏஜெண்ட்கிட்ட சொல்லிடுங்க.”

அதன்பின் அப்பா கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. நூடுல்ஸ் பிடிக்கவில்லை என்று ஒருத்தி புருஷன் பிழைப்பைக் கெடுப்பாளா, இங்கே என்ன வேலை இருக்கிறது, உன் தையல் மெஷினை வைத்துக் குடித்தனம் ஓடுமா என்றெல்லாம். எல்லாமே நியாயமான கேள்விகள். பின்னால் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கஷ்டப்பட்டுத்தான் பதில் கண்டுபிடித்தோம். பத்தாவதோடு என் படிப்பு நின்றதும் அதில் ஒன்று. ஒத்துக்கலை என்பதைத் தவிர வேறு காரணம் அம்மா அன்றும் சொல்லவில்லை, பிறகு லால்குடியிலிருந்து வந்து விசாரித்த உறவுக்காரர்களிடமும் சொல்லவில்லை. கொரியாக்காரன் நூடுல்ஸுக்கு முகம் சுளித்தவள் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அவளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

நான் அன்று அவளோடு பேசவில்லை. மறுநாள் தலை பின்ன வந்தபோதும் தலையைக் கொடுக்கவில்லை.

அந்த லீவு முழுவதும் அப்பா விடியுமுன்னே திடுக்கிட்டு எழுந்துவிடுவார். யாரோ கூப்பிட்ட மாதிரி பாயில் உட்கார்ந்து, சட்டையைத் தேடி, பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்தத் திங்கட்கிழமை அவர் எழவில்லை. தெருவில் பால் வண்டி போயிற்று, குழாயடியில் குடங்கள் மோதின, வெயில் அவர் கால்வரை வந்தது. கையையும் காலையும் பரப்பிப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு, குழந்தை போலத் தூங்கினார். மெஷின் அவர் தலைமாட்டில் இருந்ததால் அம்மா அதை மிதிக்காமல், வாசல் பக்கம் உட்கார்ந்து கையாலேயே கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கோவமா இருக்காரா?” என்று கேட்டேன். பேசக் கூடாது என்ற முடிவை அதற்காக மட்டும் தளர்த்தினேன்.

“ஆமா. எழுப்பாத” என்றாள்.

இவ்வளவு நேரம் எழாமல் கிடக்க வேண்டுமென்றால் அந்தக் கோபம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று எண்ணியபடி, அவளை ஒருமுறை நன்றாக முறைத்துவிட்டு, நான் ஸ்கூலுக்குப் போனேன்.