வரிசையாகக் கிடந்த நான்கு போல்ட்டுகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ரயில் பாதையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடிந்ததும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, தளர்ந்த இடத்தை முடுக்க வேண்டும். தோளில் ஸ்பேனர், கக்கத்தில் சிவப்புக் கொடி. பேச்சுத் துணை கிடையாது. அப்போது அது தனிமையாகத் தெரியவில்லை. சாயங்காலம் சேக்காட்டில் தங்கை வீட்டில் எனக்குச் சாப்பாடு இருந்தது.

தங்கை புருஷனும் பாதை வேலை செய்யும் எங்கள் கேங்கில்தான் இருந்தார். ஊரெல்லாம் தந்திக் கம்பி அறுபட்ட நாட்கள் அவை. "கும்புட்டா போவானா வெள்ளக்காரன்? ரெண்டு வண்டி கவுந்தா தானா ஓடுவான்" என்பார்.

"வண்டி ஓட்றவன் நம்மாளுதானே மாப்ளே?"

"சண்டைன்னா நாலு பேரு சாவத்தான் செய்வாங்க மச்சான்" என்று சோற்றைப் பிசைவார். வாய்ச்சவடால் என்று நினைத்தேன்.

ஒருநாள் விடிகாலையில், ஆவடிக்குச் சற்று முன்னால், இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளைக் காணோம். கொடியை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். ராணுவச் சரக்கு வண்டி வரவேண்டிய நேரம். அன்றைக்கு அது தாமதம். முன்னால் வந்தது பாசஞ்சர். எப்படியோ நின்றது. பட்டணத்துக்குக் கீரை விற்கப் போகிற பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாயா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

திரும்பி வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கழற்றிய நான்கு போல்ட்டுகளும் ஸ்லீப்பர் கட்டையோரம் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டு திரும்ப மாட்டியிருந்தது. நட்டு ஜல்லிக்குள் விழுந்தால் கிடைக்காது என்று எங்கள் கேங்கில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம். வெளியாளாக இருந்தால் வீசிவிட்டுப் போயிருப்பான். வண்டியைக் கவிழ்க்க வந்த இடத்திலும் கை பழக்கத்தை விடவில்லை.

பாதை இன்ஸ்பெக்டர் வர அரைமணி இருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளிக் கலைத்தால் போதும், எங்கள் ஆள் வேலை என்று தெரியாது. தள்ளவில்லை. நாலு பேர் சாவார்கள் என்றானே மாப்பிள்ளை, அந்த நாலு பேரின் முகத்தை இப்போதுதான் ஜன்னலில் பார்த்திருந்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

வந்தவருக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. வண்டியை நிறுத்தியவன் என்று என்னை மட்டும் ஒதுக்கிவிட்டு, கேங் முழுவதையும் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கவைத்துப் போலீஸார் அடித்தார்கள். மூன்றாவது ஆள் சுருண்டு விழுந்ததும் மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நான்தான் சார். அவங்கள உட்டுடுங்க."

பல வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வண்டிய நிறுத்துன, சரி. அத்த தள்ளி உட்டிருக்கக் கூடாதா ண்ணா?" கதவைச் சாத்தினாள். கேங்கிலும் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடும். வேலையிலும் வீட்டிலும் ஒண்டியானேன்.

நாடு என்னுடையதும்தான். ஆனாலும் அந்த வண்டியைக் கவிழ்ப்பது அநியாயம் என்று இன்றும் சொல்வேன். அடிபட்ட மூன்று பேருக்கு என்ன நியாயம் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

யுத்தம் முடிந்தபின் மாப்பிள்ளையை விட்டார்கள். தங்கை பட்டணம் போய் அழைத்துவந்தாள். ஆவடியில் மாலையோடு கூட்டம் காத்திருந்தது. அவர்கள் வந்த வண்டி என்னைக் கடந்துதான் போகவேண்டும். பாதையோரம் ஒதுங்கி நின்றேன். ஜன்னலில் என்னைக் கண்டதும் அவர் கையைத் தூக்கினார். தங்கை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.