கோடு வராத பெட்டி

இணையத்தில் பழைய மின்னியல் கருவிகளை விற்பவர்கள் எழுதும் விவரத்தை நான் நம்புவதில்லை. படத்தைத்தான் பார்ப்பேன். பத்திரிகைக் கந்தோரில் பதினாறு வருடம் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. செய்தியில் ஐந்து பேர் என்று இருக்கும். படத்தில் ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஆறாவது ஆளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அந்தக் கண்ணால் பார்த்து வாங்கிய முதல் இரண்டு கருவிகளும் செத்தவை. ஒன்று, விதம்விதமான அலைகளை உண்டாக்கும் பெட்டி. மற்றது ஊசி வைத்த பழைய வோல்ட்மீற்றர். இரண்டும் மன்னாரில் எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியின் மேல் இருந்தன. அவற்றின் உள்ளே எந்த இடத்தில் மின்சாரம் நின்றுபோகிறது என்று பார்க்க ஓர் அலைவுகாட்டி வேண்டும். மின்சாரம் ஏறி இறங்குவதைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாகக் கீறிக் காட்டும் கருவி அது. என்னிடம் இருக்கவில்லை.

என் மனைவி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பின்னேரங்களில் அதே முன்னறையில் ரியூசன் கொடுக்கிறார். அலுமாரியின் மேற்பகுதிக்கு அவர் வைத்த பெயர் சேமக்காலை. எருக்கலம்பிட்டியில் இருக்கும் என் கூட்டாளி அதை மையவாடி என்பார். புத்தளத்தில் இருந்த வருடங்களில் டீவி திருத்தப் பழகி, ஊர் திரும்பியபின் அதையே தொழிலாக வைத்திருப்பவர். இரண்டுக்கும் இடுகாடு என்றுதான் பொருள். வேறு எந்த விசயத்திலும் இவ்விருவரும் ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

இரண்டாவது கருவியும் செத்தது என்று தெரிந்த அன்று மனைவி ஒரு நிபந்தனை வைத்தார். இன்னும் ஒன்று வாங்கலாம். அதுவும் வேலை செய்யாவிட்டால் அத்தோடு சரி. நான் கருவிகளைப் பரப்பி வைக்கும் மேசை ரியூசன் பிள்ளைகளுக்கு. நான் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு ஏழு மாதம் ஒன்றும் வாங்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கொழும்புப் பக்கத்தில் ஒருவர் ஓர் அலைவுகாட்டியை விற்பனைக்குப் போட்டிருந்தார். மூடப்பட்ட பயிற்சி நிலையம் ஒன்றின் பொருட்களை ஏலத்தில் எடுத்தவராம். கரண்ட் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை, உதிரிப்பாகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் திருகியின் வெள்ளை அடையாளம் இடது ஓரத்தில், இதற்கு மேல் திரும்பாது என்ற இடத்தில் நின்றது. அப்படியானால் கோடு திரைக்குக் கீழே போய்விட்டிருக்கும். கருவியில் பிழை இல்லாமலும் இருக்கலாம்.

படத்தைக் கூட்டாளிக்குக் காட்டினேன். திரைக் குழாய் போயிருக்கும் என்றார். திருகியைக் காட்டினேன். திருகி எங்கே நின்றால் என்ன, குழாய் போனால் போனதுதான் என்றார். ஆனாலும் பொருள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

விற்றவர் அதைப் பகல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மத்தியானம் கொண்டக்டர் அழைத்தார்.

"ஐயா, உங்கட டீவி முருங்கனில நிக்குது. பஸ் இனி அசையாது. வந்து எடுங்கோ."

கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் போனோம். சாரதி பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். பயணிகள் தேநீர்க்கடை நிழலில் நின்றார்கள். அலைவுகாட்டி மட்டும் பஸ்ஸுக்குள், யன்னலோரச் சீட்டில், கயிற்றால் கட்டப்பட்டு இருந்தது. பழைய போர்வையால் சுற்றியிருந்தார்கள். முகம் வெளியே தெரிந்தது. பக்கத்துச் சீட்டில், அநுராதபுரத்தில் கருவாடு விற்றுவிட்டு வெறும் சாக்குகளோடு திரும்பும் தாழ்வுபாட்டுக் கிராமத்துப் பெண் ஒருவர் அதன் மேல் ஒரு கையைப் போட்டபடி இருந்தார்.

"மதவாச்சியில இருந்து நான்தான் விழாமல் பிடிச்சுக்கொண்டு வாறன் தம்பி," என்றார். "வயரும் இல்லை, கரண்டும் இல்லை. எண்டாலும் எல்லாத்தையும் திருகிப் பாத்தனான். ஒரு சனலும் வரேல்லை."

"மன்னாருக்குள்ள போனால் வரும்," என்றார் கூட்டாளி.

நன்றி சொல்லிவிட்டு இறக்கினோம். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். மன்னாருக்குக் கடலைக் கடக்கும் தாம்போதியில் உப்புக் காற்று அடித்தது. போர்வையை இழுத்து அதன் முகத்தை மூடினேன்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டரை மணி. நான்கு மணிக்கு ரியூசன். செருகியைச் செருகி ஆளியைப் போட்டேன். செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. குழாய் சூடாக ஒரு நிமிடம் கொடுத்தேன். பிறகு, ஏழு மாதம் காத்திருந்து படத்தில் கண்டுபிடித்த அந்தத் திருகியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

திரை இருட்டாகவே இருந்தது.

"மௌத்துதான் மச்சான்," என்றார் கூட்டாளி. அவர் குரலில் வென்ற சந்தோசம் இல்லை. மனைவி உள்ளே போய் ரியூசன் கொப்பிகளை எடுத்து வந்து மேசையின் ஓரத்தில் வைத்தார்.

நான் கைத்தொலைபேசியை எடுத்து விற்றவரின் படத்தை மறுபடியும் திறந்தேன். தோற்றவன் பிழை எங்கே என்று தேடுவதுபோலத்தான். கருவியின் முகத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு திருகியாக ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இடம் மாறியிருந்தன. தாழ்வுபாட்டு அம்மா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வலது பக்கத்தில் மேலும் கீழும் தட்டும் ஒரு சின்ன நெம்பு. படத்தில் மேலே நின்றது, இங்கே கீழே. மேலே நின்றால் கருவி சும்மாவே கோடு கீறிக்கொண்டிருக்கும். கீழே நின்றால் வெளியில் இருந்து ஏதாவது வரும்வரை பேசாமல் காத்திருக்கும்.

நெம்பை மேலே தட்டினேன்.

திரையின் நடுவில், விளிம்பில் இருந்து விளிம்புவரை, நேராக ஒரு பச்சைக் கோடு.

கூட்டாளி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். குனிந்து, பின்பக்கத்தில் இருந்து பார்த்தார், அங்கே யாரோ நின்று கீறுவதுபோல. நான் உள்ளீட்டு வயரின் நுனியை விரலால் தொட்டேன். சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தின் மெல்லிய அதிர்வு, தொடாமலே என் உடம்பு வழியாகப் போய்க் கோட்டை அசைத்தது. நேர்கோடு எழுந்து இறங்கி எழுந்து, அலையாக நின்றது. எனக்கு வாயெல்லாம் பல்.

மனைவி கொப்பிகளை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"சைன் வளையி," என்றார். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிய வளைகோடு அவர் முன்னால் தானாக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார். "இதில உச்சி சப்பையாக் கிடக்கு. இப்பிடிக் கீறினால் நான் முழுப்புள்ளி போடமாட்டன்."

"அது இஞ்சத்தைய கரண்டின்ர பிழை ரீச்சர். பெட்டியின்ர பிழை இல்லை," என்றார் கூட்டாளி.

மனைவி திரும்பி அலுமாரியின் மேலே பார்த்தார்.

"அங்க கிடக்கிற அலைப் பெட்டி சுத்தமான வளையி கீறும் எண்டுதானே வாங்கினீங்கள்?"

ஓம் என்றேன்.

"அதைத் திறந்து பாக்கத்தானே இது?"

அதற்கும் ஓம் என்றேன்.

"அப்ப இறக்குங்கோ."

கதிரையில் ஏறி, தூசியோடு அந்தப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். கூட்டாளி சட்டைப் பையில் இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்தபோது மேசையில் இடம் இருக்கவில்லை. மனைவி அவர்களைத் திரையைச் சுற்றி நிற்கவைத்து, வயர் நுனியை மறுபடி பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடங்கினார்.