மின்விசிறி சுழலாத மேசை

கோப்பின் நாடாவை அவிழ்த்ததும் பர்வின் மேடம் உள்ளே இருப்பதைப் படிக்க மாட்டார். தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறுவார். குண்டூசி விழும், செத்த பூச்சி விழும். விழுந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் முதல் தாளைத் தொடுவார். மாணவியாக மூன்று ஆண்டுகள் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அதே அறையில் பழைய மாணவர் கோப்புகளை ஸ்கேன் செய்யும் தற்காலிக வேலையில் இருக்கிறேன். தூசு பிடிக்காதவர் என்றே நினைத்திருந்தேன்.

"உதறி உதறி உள்ள இருக்குற மார்க்கெல்லாம் கொட்டிடப் போகுது மேடம்" என்பார் அலுவலக உதவியாளர் காத்தான்.

"கொட்டுனா நீ பொறுக்கிக்க. எட்டாவதாவது தேறலாம்."

சான்றிதழ் வாங்க வருபவர்களைச் சும்மா விடமாட்டார். "எத்தன குடுத்தீங்க, எத்தன வந்துச்சு? என் முன்னாடியே எண்ணுங்க தம்பி." சித்திரை வெயிலிலும் அவர் மேசைக்கு மேலே மின்விசிறி ஓடாது. வியர்வை தாளில் படாமலிருக்க மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார்.

ஸ்கேன் முடிந்த கோப்புகளை இந்த மாதக் கடைசியில் காகிதக்கூழ் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு அவர் தேநீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படி எதைத் தேடுகிறார் என்று கேட்டேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் இந்த அறை ஒழுகியிருக்கிறது. அப்போதெல்லாம் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்ளும். நனைந்த தாள்களைத் தேர்வுக்கூட பெஞ்சுகளில் நெல் காயப்போடுவதுபோல் பரப்பியிருக்கிறார்கள்.

"சீக்கிரம் காயட்டும்னு நான்தாம்மா ஃபேனை அஞ்சுல வச்சேன். அம்புட்டும் பறந்துருச்சு. பேரு பாத்துப் பாத்து அடுக்குனோம். ஒண்ணு மட்டும் எந்தக் கவருக்குள்ள போச்சுன்னு தெரியல."

காணாமல் போனது, திருக்காட்டுப்பள்ளி பிரகதீஸ்வரியின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். அவளுக்கு பி.எட். இடம் கிடைத்திருந்தது, பத்து நாளில் அசலைக் காட்ட வேண்டும். நகல் பட்டியல் வர ஏழு மாதமானது. அதற்குள் இடம் போய்விட்டது. அடுத்த தையில் கல்யாணம். பிறகு அவள் படிக்கவில்லை.

கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் அப்பா, என் சான்றிதழ்களைப் பாலித்தீன் உறையில் சுற்றி, தகரப்பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். வேலையை விரைவாக முடித்து நல்ல பெயர் வாங்க, உதறாமலேயே எத்தனை கோப்புகளை மூட்டையில் போட்டிருப்பேன்? அன்று எல்லா மூட்டைகளையும் பிரித்தேன். மேடமும் நானும் இரண்டு நாள் உதறினோம். யாரோ ஒருவரின் பேருந்துப் பயண அட்டை கிடைத்தது. அந்த மதிப்பெண் பட்டியல் கிடைக்கவில்லை.

கடைசி நாள் அழிப்புப் பதிவேட்டில் 'அசல் திருப்பித் தரப்பட்டது' என்ற கட்டத்தில் வரிசையாகக் கையெழுத்திட்டு வந்த மேடம், பிரகதீஸ்வரியின் பெயரை மட்டும் தாண்டிப் போனார்.

"அவங்கதான் நகல் வாங்கிட்டாங்களே மேடம், போட்டுரலாமே?"

"அது கவர்மெண்ட்டு குடுத்தது. நான் வாங்கி வச்சத நான் இன்னும் குடுக்கலையேம்மா."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. காத்தான் கடைசி மூட்டையைத் தூக்க வந்தார். மேடம் அவரை நிறுத்தி, பிரகதீஸ்வரியின் கோப்பை மட்டும் உருவி எடுத்தார். உள்ளே ஒரு தாள்கூட மிச்சமில்லாத வெற்று அட்டை. தலைகீழாகப் பிடித்து, இரண்டு முறை உதறினார்.